விண்ணப்பம் போடாத வக்கீலம்மா

ஒரு பெண்பிள்ளை, தான்பாட்டுக்குப் போட்டிருக்க வேண்டிய ஒரு விண்ணப்பத்தை எப்படிப் போடுவது என்று கல்லூரியில் வாய்திறந்து கேட்டுவிட்டாள். வந்தது அத்தனையும் அதனால்தான். வெயிலிலிருந்து வந்திருந்தால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள் கண்ணுகளா. இந்தக் கதையில் அவசரப்படுகிற ஆள் அவள் ஒருத்திதான்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழியில் கருவேலங்காட்டுக்கு நடுவே அந்தக் கல்லூரி இருந்தது. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கும் ஒரு விழா எடுத்துவிடுவார்கள். பிள்ளையின் பெயர் முருகலட்சுமி. பரளச்சிக்குப் பக்கத்து ஊர். பி.ஏ. வரலாறு கடைசி வருஷம். அப்பா மொக்கையனுக்கு மானாவாரிக் காடு. மழை பெய்தால் மக்காச்சோளம், பெய்யாவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது.

அவள் பன்னிரண்டாவது படித்தபோது மொக்கையனுக்கு ஒரு வண்டிப்பாதை வழக்கு நடந்தது. கோர்ட்டுக்கு மகளையும் துணைக்குக் கூட்டிப்போனார். உள்ளே மூன்று பேர் அவருடைய பாதையைப் பற்றி ஏதோ பேசினார்கள். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். வெளியே வந்ததும், "உள்ள என்னய்யா பேசுனாக?" என்று தன்னுடைய வக்கீலிடம் கேட்டார். "அது உமக்கு வெளங்காது. அடுத்த வாய்தாவுக்கு வாரும்" என்றுவிட்டு அவர் டீக்கடைக்குப் போய்விட்டார். பாதை போனால்கூட மொக்கையன் தாங்கியிருப்பார். தன் முன்னாலேயே பேசியது தனக்கு விளங்காமல் போனதுதான் அவரைத் தின்றது. உள்ளே என்ன பேசினார்கள் என்று வெளியே நிற்கிறவர்களுக்குச் சொல்கிற ஒரு வக்கீலாக வேண்டும் என்று அன்றைக்கு அவள் மனசுக்குள் முடிவு கட்டினாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே இருந்திருக்கலாம்.

கடைசி வருஷம் முடிகிற நேரத்தில் கல்லூரி ஆபீஸில் போய், "சட்டக் கல்லூரிக்கு அப்ளிகேசன் எப்படிப் போடணும் சார்?" என்று கேட்டாள். அந்தக் கல்லூரி கட்டிய நாளிலிருந்து அங்கே யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஆபீஸில் இருந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, செயலாளருக்குப் போன் போட்டார்.

செயலாளர் சௌந்தரபாண்டியன், அருப்புக்கோட்டையில் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் மொத்த வியாபாரம் செய்கிறவர். ஊரே அவரை அண்ணாச்சி என்று கூப்பிடும். செய்தி கேட்டுப் பதறிப்போய் அவர் நிர்வாகக் கூட்டத்தைக் கூட்டினார்.

"நம்ம காலேஜ்ல ஒரு பிள்ளை சட்டம் படிக்க வழி கேட்டுருக்கு. வழி சொல்ல ஒரு மையம் இல்லைங்கிறது எம்புட்டுப் பெரிய கேவலம்!"

வழியைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தோன்றவில்லை. உடனே 'சட்டக் கல்வி வழிகாட்டு மையம்' உருவானது. உடைந்த கேரம் பலகைகள் கிடந்த அறையைக் காலி செய்து வெள்ளையடித்தார்கள். ஒரு மேசை, நாற்காலிகள், ஒரு இரும்பு பீரோ. ஒருங்கிணைப்பாளராக விலங்கியல் பேராசிரியர் உதயகுமாரை நியமித்தார்கள். தவளையும் கரப்பான்பூச்சியும் அறுத்துக்கொண்டிருந்த மனிதர். ஆனால் அவருக்கும் அவருடைய சித்தப்பா மக்களுக்கும் பாகப்பிரிவினை வழக்கு வெகுகாலமாக நடந்துவந்தது. அவருடைய விடுப்பு மனுக்களைப் புரட்டிப் பார்த்த நிர்வாகம், கோர்ட்டு அனுபவத்தில் அவருக்கு இணையாக ஆசிரியர் எவரும் இல்லை என்று கண்டுகொண்டது.

முருகலட்சுமி ஆசையோடு போனாள். உதயகுமார் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"சார், ஆன்லைன்ல போடணுமாம்ல. என்னென்ன வேணும் சார்?"

"இரும்மா. மையம் இன்னும் திறக்கலை. திறக்காத மையத்துல வழிகாட்டக் கூடாது."

"நீங்க உள்ளதான சார் உக்காந்துருக்கீக?"

"உக்காரலாம். வழிகாட்டத்தான் கூடாது."

"சும்மா பொதுவா ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

"பொதுவா சொன்னா அதுக்குப் பேருதாம்மா வழிகாட்டுறது."

அவள் முகம் வாடியதைப் பார்த்து அவருக்கே சங்கடமாகிவிட்டது. ஏதாவது செய்து அனுப்ப வேண்டுமே என்று, அவளுடைய மதிப்பெண் சான்றிதழ்களையும் மாற்றுச் சான்றிதழையும் மையத்தில் ஒப்படைக்கச் சொன்னார். பத்திரமாக இருக்கும், சமயத்தில் தேட வேண்டாம் என்றார். பிள்ளையும் நம்பிக் கொடுத்தது. எல்லாம் இரும்பு பீரோவுக்குள் போயின. பீரோச் சாவி அண்ணாச்சியின் கடைக்குப் போனது. மையம் செய்த முதல் காரியம் அது.

திறப்பு விழா தள்ளித் தள்ளிப் போனது. சிறப்பு விருந்தினர் கிடைத்தால் நாள் கிடைக்கவில்லை. நாள் கிடைத்தால் அன்றைக்குக் கல்லூரி இயக்குநர்கள் எல்லோருக்கும் ஏதாவது கல்யாணம். கடைசியில் ஒரு மத்தியான நேரத்தில் ரிப்பன் வெட்டி, குத்துவிளக்கு ஏற்றி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, அண்ணாச்சி பேசினார்.

"சட்டம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வந்ததில்லை; எதுவானாலும் ஆளைப் பார்த்துப் பேசி முடித்துவிடுவேன். ஆனால் மையம் என்றால் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். நமது கல்லூரியில் வேலைவாய்ப்பு மையம் இருக்கிறது, தொழில்முனைவோர் மையம் இருக்கிறது, மாணவர் குறைதீர் மையம் இருக்கிறது. இன்றுவரை எந்த மையத்தைப் பற்றியும் ஒரு புகார் வந்தது உண்டா? வராது. ஏனென்றால் அங்கே யாரும் போனதே கிடையாது!"

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. கூட்டத்தில் கடைசி வரிசையில் இருந்த முருகலட்சுமியும் தட்டினாள். தட்டாமல் இருந்தால் தெரிந்துவிடும்.

திறப்பு விழா முடிந்ததும் வழிகாட்டுதல் தொடங்கியது. மாணவி அவள் ஒருத்திதான். உதயகுமார் முதலில் கோர்ட்டுக்குள் எப்படி நுழைவது என்று சொல்லிக்கொடுத்தார். பிறகு எப்படி வெளியேறுவது, நீதிபதிக்கு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடப்பது. அவளை அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கவிட்டார். அதற்கடுத்து அவருடைய பாகப்பிரிவினை வழக்கு வந்தது. கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, சித்தப்பா எந்தக் கரையில் தென்னை வைத்தார், அந்தத் தென்னை எந்தப் பக்கம் சாய்ந்தது. சொல்லச் சொல்ல அவருக்கு நா வறண்டுவிடும். அவள்தான் தண்ணீர் எடுத்துக் கொடுப்பாள்.

"சார், அப்ளிகேசன்?"

"அதான் கடைசிப் பாடம். அவசரப்படாத."

கடைசிப் பாடத்துக்கு முன்னால் பிளெக்ஸ் வந்துவிட்டது.

பிளெக்ஸ் அடித்தவன் மருதுபாண்டி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தான்; பிளெக்ஸும் அவன்தான் அடிப்பான். காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் அவன் கை படாமல் ஊருக்குள் நடக்காது. அண்ணாச்சி சொன்ன வாசகத்தைக் கேட்டு அவனே ஒரு நிமிஷம் நின்றான்.

"அண்ணாச்சி, அந்தப் பிள்ளை இன்னும் அப்ளிகேசனே போடலைன்னு சொன்னாகளே?"

"ஏலே, நீ போட்டோவைப் போடு. காலேஜ்ல சேர்றதுக்குப் பிள்ளைக அலையிற சீசன் இது. சீசன் போனப்பறம் பிளெக்ஸு வச்சா ஆடுதான் பாக்கும்."

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் ஏறியது. 'சட்டக் கல்லூரியில் இடம்பிடித்துச் சாதனை படைத்த எம் மாணவி, வருங்கால நீதியரசர் மொ. முருகலட்சுமி அவர்களை வாழ்த்தி மகிழும்...' என்று தொடங்கி, மகிழ்கிறவர்களின் முகங்கள் வரிசையாக வந்தன. செயலாளர், தலைவர், பொருளாளர், இயக்குநர்கள், இயக்குநர்களின் பேரப்பிள்ளைகள். எல்லார் முகமும் பூசணிக்காய் அளவுக்கு. அவள் முகம் மூலையில் எலுமிச்சம்பழ அளவுக்கு. கறுப்புக் கோட்டு வேறு யாரோ ஒரு தடித்த ஆளுடையது. அதன் மேல் அவள் தலை கழன்று விழுகிற பட்டன் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

முருகலட்சுமி நேரே அண்ணாச்சியின் கடைக்கே போய்விட்டாள். புண்ணாக்கு மூட்டைகளுக்கு நடுவே அவர் மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, சர்ட்டிபிகேட்டுகளைக் குடுங்க. அப்ளிகேசன் போடக் கடைசி நாளு வரப்போகுது."

"சேந்த பிள்ளைக்கு என்னத்துக்கும்மா அப்ளிகேசன்?"

"நான் சேரலை அண்ணாச்சி."

"பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகலையாக்கும்?"

"அங்க இருந்துதான் வாரேன்."

"பாத்தேல்ல? அப்புறமென்ன." மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு அவர் பொறுமையாக விளக்கினார். "இப்பப் போயி நீ அப்ளிகேசன் போட்டன்னு வச்சுக்க, நாம வச்ச பிளெக்ஸு பொய்யின்னு ஆயிரும். ஒரு கல்வி நிறுவனம் பொய் சொல்லலாமா? நீ படிச்ச பிள்ளை, நீயே சொல்லு."

பொய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவள் கண்டுபிடிப்பதற்குள் அவர் லோடு இறக்கப் போய்விட்டார். கடைசி நாள் வந்தது. போனது.

இதற்குள் ஊரில் அவள் வக்கீலம்மா ஆகிவிட்டாள். பக்கத்து வீட்டு ஒச்சம்மாளின் ஆடு அடுத்தவன் சோளத்தில் மேய்ந்து, அவன் ஆட்டைப் பிடித்துக் கட்டிவைத்துக்கொண்டான். ஒச்சம்மாள் ஒரு கட்டு முருங்கைக்காயோடு வந்து நின்றாள்.

"ஏ வக்கீலம்மா, நீதான் ஒரு வார்த்தை கேக்கணும்."

"சித்தி, நான் வக்கீல் இல்லை. காலேஜ்லயே சேரலை."

"அதான பாத்தேன்" என்றாள் ஒச்சம்மாள். "முருங்கைக்காய்க்கெல்லாம் வாயத் தெறப்பாகளா? இரு, கோழி புடிச்சுட்டு வாரேன்."

கோழியைத் திருப்பிக் கொடுக்க முருகலட்சுமி அவள் வீட்டுக்கு நடந்தாள். கோழி மறுபடியும் வந்தது. ஊர் முழுக்க, பிள்ளை இப்பவே பெரிய வக்கீலுக்குரிய பிகுவோடு இருக்கிறது என்று பேச்சானது.

பகலில் அவள் ஊருக்குள் தென்படுவது கல்லூரிக்குக் கௌரவக் குறைச்சல் என்று அண்ணாச்சிக்குத் தகவல் போனது. சட்டக் கல்லூரியில் படிக்கிற பிள்ளை காலையில் வீட்டு வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கலாமா? மையத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்ளச் சொன்னார். காலை பஸ்ஸில் பையோடு வர வேண்டும், சாயங்கால பஸ்ஸில் பையோடு போக வேண்டும்.

"வரலைன்னா?" என்று கேட்டாள்.

"வரலைன்னா பீரோவை யாரு தொடைப்பா?" என்றார் அவர், உண்மையிலேயே கவலையோடு.

அந்தக் கேள்வியில் இருந்த பூட்டு அவளுக்கு விளங்கியது. சான்றிதழ்கள் எங்கே இருக்கின்றனவோ அங்கேதான் அவளும் இருக்க முடியும். அப்படி, தன் சான்றிதழ்களை உள்ளே வைத்துப் பூட்டியிருந்த பீரோவைத் தினமும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு, ஒரு வருஷத்தை அந்த அறையில் கழித்தாள். புதிதாகச் சேர வருகிற பிள்ளைகளைப் பெற்றோரோடு கூட்டிவந்து ஜன்னல் வழியாக அவளைக் காட்டுவார்கள். "இவுகதான்." அவள் எழுந்து நின்று வணக்கம் சொல்வாள். விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஜன்னலுக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். அங்கே தொழில்முனைவோர் மையம்.

அடுத்த சீசனில் அடுத்த பிளெக்ஸ் வந்தது. 'சட்டப் படிப்பில் இரண்டாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும்...' அதே தடித்த ஆளின் கோட்டு.

"பாஸாயிட்டம்மா. வாழ்த்துகள்" என்றார் உதயகுமார்.

"என்ன மார்க்கு சார்?"

"அதைப் பிளெக்ஸ்ல போடலை" என்று தலையைக் குனிந்துகொண்டார். பாவம், அவரும் அந்த அறைக்குள் மாட்டிக்கொண்டவர்தான். தவளை அறுக்கப் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வெற்றிகரமான மையத்தின் ஒருங்கிணைப்பாளரை மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

மொக்கையன் அதுவரை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் காட்டிலிருந்து வந்து, கைகால் கழுவிவிட்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஏத்தா, நரிக்குடிப் பக்கம் போயிருந்தேன். அங்கயும் ஒருத்தரு, வக்கீலுக்குப் படிக்கிற பிள்ளையோட அய்யாவான்னு கையப் புடிச்சுக்கிட்டாரு. எனக்குக் கை கூசிப் போச்சு. நான் கோர்ட்டுல வெளங்காம நின்னேன். அது கூடத் தேவலை. இது எல்லாம் வெளங்குது, வாயத் தெறக்க முடியலை."

"இந்த வருசம் போட்டுருவேன்ப்பா."

"போடு. இல்லைன்னா மில்லு வேன் நம்ம ஊருக்கே வருது. ஏறிரு. வக்கீலு இல்லை, நூல் மில்லுக்குப் போறான்னு நானே கம்மாக்கரையில நின்னு ஊரறியச் சொல்லிருவேன். இன்னொரு வருசம் எனக்குத் தாங்காது தாயி."

அவர் கோபப்பட்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

இந்தச் சமயத்தில் கல்லூரிக்குத் தரம் போட வெளியூரிலிருந்து ஒரு குழு வந்தது. கோட்டுப் போட்ட பெரியவர்கள். அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முருகலட்சுமி இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். மையத்துக்குள் அவர்கள் வந்தார்கள், அண்ணாச்சி அவளைக் காட்டினார், அவள் எழுந்தாள்.

"சார், நான் சட்டக் கல்லூரியில சேரலை. இன்னும் அப்ளிகேசனே போடலை. என் சர்ட்டிபிகேட்டுக இந்தப் பீரோவுக்குள்ளதான் இருக்கு. எனக்கு இங்க யாரும் ஒன்னும் சொல்லித்தரலை."

உதயகுமார் கண்ணை மூடிக்கொண்டார். குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மெல்லக் கைதட்டத் தொடங்கினார்.

"இவ்வளவு சாதித்தும் ஒன்றுமே சாதிக்காதது போலப் பேசுகிறது, பாருங்கள்! எத்தனையோ கல்லூரிகளைப் பார்த்துவிட்டோம்; இந்தத் தன்னடக்கத்தை எங்கேயும் பார்க்கவில்லை. இதை எப்படிக் கற்றுக்கொடுத்தீர்கள்?"

"அதுக்குன்னு தனியா ஒரு மையம் இருக்கு சார்" என்றார் அண்ணாச்சி.

குழு போனபின் அவள் வெகுநேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் அதையும் நன்றியுணர்வு என்று எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். உதயகுமார் அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அதற்கு முன் அவர் அப்படிச் செய்ததில்லை.

"பீரோவைத் தெறக்கச் சொல்லி நானும் கேட்டுப் பாத்துட்டேம்மா. நம்ம காலேஜ்ல ஒரு சாக்பீஸுகூட விழா இல்லாம ஒரு ரூம்ல இருந்து இன்னொரு ரூமுக்குப் போகாது. நானும் நீயும் என்ன பண்ண?"

அவர் ஆறுதலுக்குச் சொன்னார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் அண்ணாச்சியின் கடையில் போய் நின்று, "அண்ணாச்சி, ஒரு பெரிய குறை" என்றாள்.

"என்னம்மா?"

"என் சர்ட்டிபிகேட்டு அத்தனையையும் மையம் கரையான் அரிக்காம, ஒரு மூலைகூட மடங்காமப் பாதுகாத்து வச்சுருக்கு. வேற எந்தக் காலேஜ்ல இப்படி? ஆனா இது ஊருக்குத் தெரியலையே. பூட்டியே கெடந்தா யாரு பாப்பாக?"

அண்ணாச்சியின் முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. முதல் மழை விழுந்ததும் கரிசல் காடு பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்தார்.

"சான்றிதழ் பாதுகாப்புப் பெருவிழா" என்றார், தானாகவே.

"மேடையில வச்சு, உங்க கையாலயே என்கிட்டக் குடுத்தா..."

"குடுத்துருவோம்!"

விண்ணப்பம் போடக் கடைசி நாளுக்கு வெகுமுன்னதாகவே விழாவுக்கு நாள் குறித்தார்கள். அழைப்பிதழில் ஒரு இயக்குநரின் பெயர் இன்னொருவர் பெயருக்குக் கீழே வந்துவிட்டது. கீழே வந்தவர் கல்லூரிக் குடிநீர்த் தொட்டிக்குத் தான் கொடுத்த மோட்டாரைக் கழற்றப்போவதாகச் சொன்னார். அழைப்பிதழ் மறுபடி அடித்தார்கள், விழா தள்ளிப்போனது. அடுத்த தேதி வளர்பிறை முகூர்த்தம். அடுத்ததில் சிறப்பு விருந்தினருக்கு வயிறு சரியில்லை. ஒவ்வொரு தள்ளிவைப்பையும் முருகலட்சுமி சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டாள். சிரிக்காவிட்டால் விழாவே நின்றுவிடும் என்ற பயம். கடைசியில் விழா வந்து நின்றது விண்ணப்பத்தின் கடைசி நாளில். அன்று இரவோடு ஆன்லைன் மூடிவிடும்.

பந்தலுக்கு அடியில் வெயில் சல்லடை போட்டதுபோல விழுந்தது. மேடைக்கு நடுவில் பீரோ. நான்கு பேர் தூக்கிவந்து வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலையும் போட்டிருந்தார்கள். மொக்கையனை முன்வரிசையில் உட்காரவைத்து ஒரு சால்வை போர்த்தியிருந்தார்கள். அந்த வெக்கையில் அவர் அதைக் கழற்றவும் துணியாமல் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். தலைவர் பேசினார். பொருளாளர் பேசினார். பீரோ செய்தவர் பேசினார். மோட்டார் கொடுத்த இயக்குநர், தான் பேசப்போவதில்லை என்பதைப் பற்றி நெடுநேரம் பேசினார். பந்தலின் நிழல் கிழக்கே நீண்டுகொண்டே போனது. முருகலட்சுமி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு தாம்பாளத்தில் சாவி வந்தது. பூட்டு திறக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாகத் திறக்காத பூட்டு. யாரோ தேங்காயெண்ணெய் எடுத்துவர ஓடினார்கள். அந்த நேரத்தில் அண்ணாச்சி ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார்.

"பாருங்கள், எவ்வளவு பத்திரம்! எங்களாலேயே திறக்க முடியவில்லை!"

பூட்டு ஒரு வழியாகத் திறந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் சான்றிதழ்கள் அவள் கொடுத்த நாளில் இருந்தபடியே இருந்தன. அண்ணாச்சி ஒரு முனையைப் பிடித்து நீட்டினார். அவள் மறுமுனையைப் பிடித்தாள். மருதுபாண்டி கேமராவோடு முன்னால் மண்டியிட்டான்.

நம் பக்கத்து மேடை வழக்கம் உங்களுக்கே தெரியும் கண்ணுகளா. கேடயமோ காசோலையோ எதுவானாலும் மேடையில் கொடுப்பது போட்டோவுக்கு. கீழே இறங்கினால் படிக்கட்டில் ஒருவர் நின்று சிரித்தபடியே வாங்கிக்கொள்வார். யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. விழா என்று யோசனை சொன்ன பிள்ளை, அதை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டாள்.

"போட்டோ முடிஞ்சதும் கீழ உதயகுமார்ட்டக் குடுத்துரு" என்று அண்ணாச்சி உதட்டை அசைக்காமல் சொன்னார். "அடுத்த வருசமும் இதே விழாவை எடுக்கணும்ல."

அவள் உறையை இழுத்தாள். அவர் விடவில்லை. இரண்டு பேரும் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே இழுத்தார்கள். கூட்டம் கைதட்டியது. மருதுபாண்டி ஒரு கண்ணை மூடி கேமரா வழியாக அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அவள் தலையை அந்தத் தடித்த கோட்டின்மேல் இரண்டு தடவை ஒட்டியவன் அவன்.

"அண்ணாச்சி, இப்படியே கூட்டத்தைப் பாத்துக் கும்பிடுங்க. பெரிய பிளெக்ஸுக்கு ஒரு ஸ்டில்லு."

போட்டோவுக்கு நில் என்று சொல்லி அண்ணாச்சி நிற்காமல் போனதாகச் சரித்திரம் இல்லை. இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

உறை அவள் கைக்கு வந்தது.

மேடைப் படிக்கட்டின் அடியில் உதயகுமார் கைகளை நீட்டிக்கொண்டு நின்றார், அவருக்கு இட்ட வேலை அது. அவள் முன்னால் வந்து நின்றாள். அவளை ஒருமுறை பார்த்தார். நீட்டிய கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மேடைக்கு முதுகைக் காட்டிப் போகக் கூடாதுன்னெல்லாம் ஒன்னும் இல்லைம்மா. ஓடு."

முன்வரிசையில் மொக்கையன் எழுந்துவிட்டிருந்தார். சால்வையை நாற்காலியில் போட்டுவிட்டு, பந்தலுக்கு வெளியே நிறுத்தியிருந்த டிவிஎஸ் எக்செல்லை மிதித்துக் கிளப்பினார். அவள் ஏறி உட்கார்ந்தபோது பின்னால் ஒலிபெருக்கி கேட்டது. அண்ணாச்சி ஒரு கணம்தான் தடுமாறியிருந்தார்.

"அவசர வழக்கு ஒன்றுக்காக நீதிமன்றம் விரைந்து செல்கிறார் நம் முருகலட்சுமி! பலத்த கரவொலி!"

கரவொலி அவர்களைத் திருச்சுழி ரோடுவரை துரத்திக்கொண்டு வந்தது.

திருச்சுழியில் அருஞ்சுனையின் கம்ப்யூட்டர் சென்டர் அடைக்கிற நேரம். ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தான். மொக்கையன் குனிந்து உள்ளே நுழைந்து, "தம்பி, ஒரு அப்ளிகேசன்" என்றார், மூச்சு வாங்க. அவன் இருவரையும் பார்த்துவிட்டு மறுபடி கம்ப்யூட்டரைப் போட்டான். சான்றிதழ்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தான். பெயர், ஊர், மதிப்பெண் எல்லாம் அடித்தான். ஓராண்டாக ஒரு மையமே சேர்ந்து சொல்லாத விஷயம், ஒரு டீ ஆறுகிற நேரத்துக்குள் ஏறிக்கொண்டிருந்தது. மொக்கையன் நாற்காலி இருந்தும் உட்காராமல், கோர்ட்டில் நின்ற மாதிரியே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

"அதுல என்னத்தா கேக்குறான்?"

அவள் ஒவ்வொன்றையும் வாசித்து, தமிழில் அவருக்குச் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

அருஞ்சுனை ஒரு இடத்தில் கையை நிறுத்தினான்.

"அக்கா, இதை நீங்கதான் சொல்லணும். ஏற்கெனவே எந்தச் சட்டக் கல்லூரியிலாவது சேர்ந்திருக்கீங்களான்னு கேக்குது. ஆமாவா, இல்லையா?" சொல்லிவிட்டுச் சற்றுத் தயங்கினான். "பஸ் ஸ்டாண்டுல உங்க படத்தைப் பாத்த மாதிரி இருக்கு."

முருகலட்சுமி அப்பாவைப் பார்த்தாள். பிறகு மவுசைத் தானே வாங்கி, 'இல்லை' என்பதில் வைத்து அழுத்தினாள்.

கம்ப்யூட்டர் மறுத்துப் பேசவில்லை. தன்னடக்கம் என்று பாராட்டவில்லை. அடுத்த பக்கத்தைத் திறந்தது.